பாதை ஏறும் நாள்

அம்மாவுக்கு இந்த ஆனியோடு 73 வயது முடிந்தது. நாகபூசணி அம்மன் கோயில் இருக்கிற நயினாதீவுக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்பது புதிதல்ல. ஆனால் இம்முறை ஒரு நிபந்தனை வைத்தார்: பண்ணையால் போகக் கூடாது.

கொக்குவிலில் இருக்கிற எங்களுக்கு நயினாதீவு என்றால் தெரிந்த வழி ஒன்றுதான். யாழ்ப்பாணக் கோட்டையைத் தாண்டி, பண்ணைத் தாம்போதியில் ஏறி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று போய்க் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்பது. 776 ஆம் இலக்க பஸ்ஸும் அதே வழியால்தான் போகிறது. அம்மா கேட்டது அதை அல்ல. பருத்தித்துறையில் தொடங்கி, கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, கீரிமலை, மாதகல், பொன்னாலை, காரைநகர் என்று கரையோரமாகவே வந்து, காரைநகரில் பாதை ஏறி, ஊர்காவற்றுறையில் இறங்கி, அங்கிருந்து குறிகட்டுவானுக்குப் போகும் வழி. ஒன்பது வயதில் அவருடைய ஐயா அவரை அந்த வழியால்தான் கூட்டிப்போனாராம், வாடகைக்கு எடுத்த ஓர் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரில்.

"பாதையில் காரை ஏற்றும்போது ஐயா என்னை இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது மட்டும்தான் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அம்மன் கோயிலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம், என்ன சாப்பிட்டோம், ஒன்றும் நினைவில்லை" என்றார்.

வெளியூர் வாசகர்களுக்கு இந்த ஒரு சொல்லை விளக்கிவிட்டுப் போகிறேன். ஈழத்தில் வடக்கிலும் கிழக்கிலும் நீர் குறுக்கிட்ட இடத்தில் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் தட்டையான மிதவைக்குப் பெயர் 'பாதை'. வீதியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தண்ணீரில் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். இருக்கை தேடி உட்கார வேண்டியதில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மீன் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, நின்றபடியே போகலாம். "பாதை போய்விட்டது, அடுத்த முறை வரும்வரை நிற்க வேண்டும்" என்று காரைநகர்த் துறையில் ஒருவர் சொன்னால் அங்கே யாரும் விளக்கம் கேட்பதில்லை. இந்தப் பெயரை வைத்தவர்கள் அதைப் படகோடு சேர்க்கவில்லை, வீதியோடு சேர்த்தார்கள். அந்தத் தெரிவில் ஓர் உண்மை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். தீவில் இருப்பவருக்கு அது பொழுதுபோக்கு அல்ல. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போகிற வழி.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே பயணத்தை ஒருமுறை தொடங்கினோம். பருத்தித்துறையில் காலைச் சாப்பாடு முடிந்தபோதே வெயில் ஏறிவிட்டது. போகிற வழியில் கண்ட இடமெல்லாம் நின்றோம். செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் ஒரு மணித்தியாலம், கீரிமலையில் இரண்டு. காரைநகர்த் துறைக்கு வந்தபோது பின்னேரம் நான்கு மணிக்கு மேல். பாதை பழுது என்று சொன்னார்கள். எப்போது திருத்தப்படும் என்று சொல்ல அங்கே எவரும் இல்லை, எழுதிய பலகையும் இல்லை. அம்மா வானிலிருந்து இறங்கி, துறையின் ஓரத்தில் நின்று எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்காவற்றுறைத் தேவாலயம் இருக்கிற திசை கண்ணுக்கெட்டும் தூரம்தான். ஆனால் வீதியால் அங்கே போக வேண்டுமானால் பொன்னாலைப் பாலத்தால் திரும்பி, வட்டுக்கோட்டைப் பக்கமாக யாழ்ப்பாண நகரத்துக்கு வந்து, பண்ணையால் ஏறி, மறுபடி மேற்கே ஓட வேண்டும். 40 கிலோமீற்றருக்கு மேல். சுற்றிக்கொண்டு போனோம். புங்குடுதீவை எட்டுவதற்குள் பொழுது பட்டது. கடைசிப் படகு போயிருந்தது. வீடு திரும்பும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

பழுதான பாதையை அன்று நானும் திட்டினேன்தான். ஆனால் திட்டமும் பிழையாக இருந்தது. கரையோரப் பயணம் என்றால் எல்லோரும் வீதியிலிருந்து திட்டம் போடத் தொடங்குகிறோம். எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது, எங்கே படம் எடுப்பது என்று வரிசையாக எழுதி, கடைசியில் "பிறகு படகு" என்று முடிக்கிறோம். வீதி காத்திருக்கும். படகு காத்திருக்காது. முடிவில் கடல் இருக்கிற பயணத்தைக் கடலிலிருந்து பின்னோக்கித்தான் எழுத வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்வதற்காகத்தான்.

இந்த ஆண்டு தம்பி ரொறொன்ரோவிலிருந்து இரண்டு பிள்ளைகளுடன் வந்தான். வருவதற்கு முன்பே தொலைபேசியில் ஒரு பட்டியல் சொன்னான். கசூரினா கடற்கரையில் குளிக்க வேண்டும், நெடுந்தீவில் குதிரைகளைப் பார்க்க வேண்டும், நயினாதீவில் கும்பிட வேண்டும், எல்லாம் ஒரே நாளில். "வரைபடத்தில் பார்த்தேன் அக்கா, எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கிறது" என்றான். பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் கிடக்கிற தண்ணீரை வரைபடம் நீல நிறத்தில் மட்டுமே காட்டுகிறது. அதன் குணத்தைக் காட்டுவதில்லை.

நெடுந்தீவைப் பற்றி அவனோடு நீண்ட நேரம் வாதாட வேண்டியிருந்தது. அவனுடைய ஆசை எனக்கு விளங்காமல் இல்லை. ஒல்லாந்தர் தங்கள் ஊரின் பெயரையே வைத்து டெல்ஃப்ற் என்று அழைத்த தீவு அது. வீட்டு வேலிகளே முருகைக்கல்லால் அடுக்கியவை. தனித்து நிற்கும் பெருக்கமரம், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் இடிபாடு, வெட்டவெளியில் மேயும் மட்டக்குதிரைக் கூட்டம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஒல்லாந்தரும் அவர்களுக்குப் பிறகு ஆங்கிலேயரும் அங்கே குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அந்தப் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். கைவிடப்பட்ட அந்தக் குதிரைகளின் வழிவந்தவைதான் இன்று வறண்ட கோடையில் தண்ணீர் தேடி அலைகின்றன. இவ்வளவையும் அரை நாளில் பார்ப்பது பார்த்ததாகாது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கடலில் மட்டும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். நயினாதீவுக்குப் போல அடுத்தடுத்துப் படகு கிடைக்கும் வழியும் அல்ல. காலையில் போகும் படகைப் பிடித்து, பிற்பகலில் திரும்பும் படகைத் தவற விடாமல் வர வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் தம்பிக்குச் சொன்னேன். அந்தக் கடலை வேடிக்கைக் கடலாக என்னால் நினைக்க முடியாது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில், நடுக்கடலில் வைத்துப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். நெடுந்தீவு மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. அதே குமுதினி பழுது பார்க்கப்பட்டு, அதன் பின்னும் பல்லாண்டுகள் அதே கடலில் ஆட்களை ஏற்றி இறக்கியது. வேறு படகு இல்லாத மக்கள் அதில்தான் ஏறினார்கள். நெடுந்தீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது இந்தக் கதையையும் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும், குதிரைகளுக்கும் கசூரினாவுக்கும் இடையில் சொல்லிவிட்டு ஓட முடியாது. தம்பி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி அக்கா, நெடுந்தீவு வேறொரு நாளுக்கு இருக்கட்டும்" என்றான்.

காற்றும் அதற்கு இணங்கவில்லை. நாங்கள் போக நினைத்தது ஜூலையில். சோழகம் வீசும் காலம். எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர்கள் ஆண்டைக் காற்றின் பெயரால்தான் பிரிக்கிறார்கள். வடகிழக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து கச்சான். கிழக்கிலிருந்து கொண்டல். தெற்கும் தென்மேற்குமாக வீசுவது சோழகம். வாடை பெயர்ந்தால் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் கடல் கறுத்துக் கரையை அடிக்கும். வீதியோரத்தில் நின்றாலே முகத்தில் உப்புத் தூறும். சோழகத்தில் அதற்கு மறுதலை. குடாநாட்டு நிலம் மறைப்பாக நிற்பதால் வடக்குக் கரை குளம் போலக் கிடக்கும், ஆனால் நெடுந்தீவுப் பக்கம் திறந்த கடலில் படகு எழும்பி விழும். ஆகவே ஜூலையில் போகிறவருக்கு வடக்குக் கரையோர ஓட்டம் இதமாக அமையும், நயினாதீவுக்குப் போகும் குறுகிய கடல் தாங்கும், நெடுந்தீவு வயிற்றைக் கலக்கும். எல்லாம் அடங்கிய கடல் வேண்டும் என்றால் பங்குனி, சித்திரை நல்லது. வெயிலைத்தான் பொறுக்க வேண்டும். புங்குடுதீவில் அம்மாவின் வழியில் ஒரு மாமா இருக்கிறார். முன்பு படகு ஓட்டியவர். அவரிடம் கேட்டபோது ஒரே வசனத்தில் சொன்னார்: "காலையில் கடல் படிந்திருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பும், போவதை முன்னுக்குப் போ பிள்ளை."

அந்த வசனத்திலிருந்துதான் திட்டம் பிறந்தது.

ஆனால் அதற்கு முன் பாதையை ஒருமுறை நேரில் பார்க்காமல் அம்மாவை மறுபடி அந்தத் துறையில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் முன்னதாக, ஒரு வேலை நாள் காலையில், ஸ்கூட்டரில் தனியாகக் காரைநகருக்குப் போனேன். பொன்னாலைத் தாம்போதியில் இரு பக்கமும் முழங்கால் அளவு தண்ணீர். களங்கண்ணி வலைக்கு நட்ட தடிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொரு தடியின் மேலும் ஒரு நீர்க்காகம். துறையில் பாதை ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சீருடையில் பள்ளிப் பிள்ளைகள், கைப்பையை மார்போடு அணைத்த ஒரு தாதி, பனங்கட்டிக் குட்டானோடு ஒரு வயோதிபர், மோட்டார் சைக்கிள்கள். பத்து நிமிடம்கூட எடுக்காத கடப்பு. இக்கரையில் ஏறியவர் அக்கரையில் இறங்கும்போது, பண்ணையால் சுற்றிப் போகிறவர் வட்டுக்கோட்டையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். பாதை பழுதாகி நிற்கிற ஒவ்வொரு நாளும் இந்தத் தாதிக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் 40 கிலோமீற்றர் கூடுகிறது. அன்று எங்களுக்குக் கெட்டது ஒரு கோயில் பயணம். அவர்களுக்கு ஒவ்வொரு பழுதிலும் ஒரு வேலை நாள் கெடுகிறது. இந்தச் சேவை தவறாமல் ஓட வேண்டும் என்று கேட்பவர்கள் சுற்றுலாவுக்காகக் கேட்கவில்லை என்பதை அந்தக் காலையில் நின்று பார்த்தால் விளங்கும்.

பாதையில் வேலை செய்த ஒருவரிடம், பிள்ளைகளும் வயதானவரும் வருவோம், எந்த நேரம் நல்லது என்று கேட்டேன். பள்ளிக்கூட நேரம் முடிந்தபின் வரச் சொன்னார். குறிகட்டுவானிலும் அதே கதைதான் என்று மாமா சொல்லியிருந்தார். காலை முதல் படகுகளில் தீவுகளுக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்களும் உத்தியோகத்தரும் நிறைந்திருப்பார்கள். நாள் முழுக்க நேரம் இருக்கிற நாங்கள் அவர்களுடைய இடத்தில் போய் நெருக்கியடிக்கக் கூடாது. இதைப் படிப்பவர்களில் தீவுப் பயணம் போக இருப்பவர்களிடம் நான் உண்மையாகவே வேண்டிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்: அவர்களுடைய முதல் படகை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்துக் கீழிருந்து மேலாக எழுதினேன். அடியில்: நயினாதீவு, மத்தியான அன்னதானத்துக்கு முன். அதற்கு மேல்: குறிகட்டுவான், 11 மணி. அதற்கு மேல்: பாதை, 9.30. அதற்கு மேல் கீரிமலை, 7.30. உச்சியில் பருத்தித்துறை, சூரியன் எழும்பும் நேரம். கசூரினா விடுபட்டது. வார இறுதியும் பௌர்ணமிப் போயா நாளும் வேண்டாம் என்று தள்ளினேன். அந்த நாள்களில் நயினாதீவில் உள்ள நாகவிகாரை என்ற பௌத்த விகாரைக்கு, நாட்டின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் வருவார்கள், துறையில் நிற்கவே இடம் இராது. அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாக் கூட்டமும் ஓய்ந்திருக்க வேண்டும், கீரிமலையில் ஆடி அமாவாசை நெருக்கமும் வந்திருக்கக் கூடாது. எல்லாம் கழித்துப் பார்த்தால் ஒரு புதன்கிழமை மிஞ்சியது. எங்கள் வான் 14 பேர் ஏறும் பெரியது, அதைப் பாதையில் ஏற்றும் எண்ணத்தை விட்டேன். நாங்கள் பாதையால் நடந்து ஏறி அக்கரையில் ஓட்டோ பிடிப்பது, சாரதி வானைச் சுற்றிக்கொண்டு வந்து குறிகட்டுவானில் நிற்பது என்று முடிவு.

கொக்குவிலிலிருந்து விடிய நான்கு மணிக்கு வெளிக்கிட்டோம். கனடாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு நேரம் மாறிக் கிடந்ததால் அவர்கள்தான் முதலில் எழும்பி நின்றார்கள். பருத்தித்துறைக் கடலில் வெளிச்சம் பரவியபோது 1916 இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் வெள்ளை உடம்பு மெல்லச் சிவந்தது. அம்மா வாங்கச் சொன்ன பருத்தித்துறை வடையை முதல் நாளே வாங்கிப் பையில் வைத்திருந்தேன். தட்டையாக, மொறுமொறுப்பாக, நாள் கணக்கில் கெடாமல் இருக்கும் அது. பயணத்துக்கென்றே பிறந்த பண்டம்.

வல்வெட்டித்துறையில் பத்து நிமிடம்தான் நின்றோம். ஆனால் பிள்ளைகளுக்கு அன்னபூரணியின் கதையைச் சொல்ல அது போதும். இந்தக் கரையில் இந்த ஊர் மேஸ்திரிமார் கட்டிய பாய்க்கப்பல். ஓர் அமெரிக்கர் அதை வாங்கினார், வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்தினார்கள். 1938 இல் அது அத்திலாந்திக்கைக் கடந்து, மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் உள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. "இங்கே இருந்தா? பாயிலா?" என்று மருமகள் மூன்று முறை கேட்டாள். அவள் வாழும் கண்டத்துக்கு அவளுக்கு முன்பே இந்த ஊரார் காற்றைப் பிடித்துப் போயிருக்கிறார்கள். அதை அவள் அந்தக் கரையிலேயே நின்று தெரிந்துகொண்டது எனக்கு நிறைவாக இருந்தது.

இந்த வீதியின் பெயரே பருத்தித்துறை–பொன்னாலை வீதி. பெயரின்படி பார்த்தால் ஒரே கோடாகக் கடலோரம் ஓட வேண்டும். அம்மாவின் ஐயா ஓடியது அப்படித்தான். தொண்டைமானாற்றில், செல்வச் சந்நிதி முருகனைக் கைகூப்பித் தாண்டியதும் நாங்கள் அச்சுவேலிப் பக்கமாக உள்ளே திரும்பினோம். பலாலி விமானத்தளத்தைச் சுற்றிய கரையில் இருந்த மக்கள் 1990 இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். இராணுவத்தின் கையில் இருந்த நிலம் பிறகு துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 இல்தான் திரும்பக் கிடைத்தது. பழைய கோட்டின் நடுப்பகுதி அம்மாவின் தலைமுறைக்கு நினைவில் மட்டும் இருந்த வீதி. வானில் அவர் அந்த ஊர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஊறணி, தையிட்டி, மயிலிட்டி. நாங்கள் அவற்றுக்குத் தெற்கே, தெல்லிப்பழைத் தோட்டவெளிகளுக்கு நடுவே, செம்மண்ணில் ஓடிக்கொண்டிருந்தோம்.

காங்கேசன்துறையில் மீண்டும் கடல். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாள்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அதில் வருகிறவர் இறங்கும் இடமே இந்தக் கரையோர வீதியின் நடு. அங்கிருந்து மேற்கே திரும்பினாலே போதும், பயணத்தின் நல்ல பாதி கையில் வந்துவிடும்.

கீரிமலையில் அம்மா படியில் உட்கார்ந்து கால்களை நீருக்குள் விட்டார். ஒரு சுவருக்கு அப்பால் உப்புக் கடல், இப்பால் நன்னீர்க் கேணி. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, நிலத்துக்கடியில் நடந்து, கடலைத் தொடும் இடத்தில் இப்படி ஊற்றாக வெளிப்படுகிறது. குதிரை முகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடி முகம் மாறிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னது அப்பம்மாதான். மருமகன் உடனே முகத்தைக் கழுவிவிட்டு வந்து அக்காவிடம் காட்டினான். அரை மணித்தியாலம் என்று எழுதியிருந்தேன், முக்கால் ஆனது. அதற்காக நான் வருந்தவில்லை.

சேந்தாங்குளம், மாதகல், சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கினார் என்று சொல்லப்படும் சம்பில்துறை, திருவடிநிலை. இந்த நீளத்தில் வான் நிற்கவில்லை. நிற்க வேண்டியதும் இல்லை. கடல் அவ்வளவு அருகில் வருகிறது, அவ்வளவு சோம்பலாகக் கிடக்கிறது. சோழகம் முதுகுப்புறத்தில் பனைகளை உலுப்பிக்கொண்டிருந்தது. கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கரைவலை இழுத்துக் காயப் போட்டிருந்தார்கள். தம்பி கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, எதுவும் பேசாமல், படமும் எடுக்காமல் இருந்தான்.

காரைநகர்த் துறைக்கு 9.40 க்கு வந்தோம். பாதை அக்கரையில் நின்றது. புறப்படுகிறதா, நிற்கிறதா என்று தூரத்தில் தெரியவில்லை. அம்மா மூன்று ஆண்டுகளுக்கு முன் நின்ற அதே ஓரத்தில் போய் நின்றார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்தேன். பிறகு இயந்திரச் சத்தம் கேட்டது. தட்டைத் தளம் மெல்லத் திரும்பி எங்கள் பக்கம் வந்தது. இரும்புத் தட்டு கரையில் விழுந்த ஒலியில் மருமகன் துள்ளினான்.

அம்மா ஏறினார். உட்கார ஒருவர் இடம் காட்டினார், மாட்டேன் என்றார். கம்பியை ஒரு கையால் பிடித்து, மறுகையால் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலப்பக்கத்தில் கடற்கோட்டை, தண்ணீருக்குள் தனியே. போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. அதைத் தம்பி பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காலடியில் அதிரும் தளத்தைத்தான் பார்த்தார். அக்கரை வந்ததும், "இவ்வளவு கிட்டவா?" என்று மட்டும் கேட்டார்.

ஊர்காவற்றுறையில் இரண்டு ஓட்டோக்கள். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு ஏறும் வாணர் பாலத்தில் காற்று எங்களைப் பிடித்துத் தள்ளியது. மாமா சொன்னது சரிதான், இன்னும் இரண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால் கடல் வேறு முகம் காட்டியிருக்கும். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்தது கால் மணித்தியாலம். உயிர்காப்பு அங்கியை அம்மாவுக்குக் கட்டிவிட்டது ஒரு தீவுப் பெண், "இறுக்கமாக இருக்கிறதா அம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். படகு அசைந்தது, தெறித்தது, ஆனால் தாங்கியது. கோபுரம் நீரிலிருந்து எழும்புவது போல எழும்பியது. அம்மா செருப்பைப் படகிலேயே கழற்றிக் கைப்பைக்குள் வைத்தார்.

நயினாதீவுக் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து சேரும் வேற்று நாட்டவர் காக்கப்பட வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. கடலால் வந்து நொந்தவனுக்கு எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று கணக்குப் போட்ட ஆணை அது. சற்று முன்புதான் அந்தத் துறையில் இறங்கி வந்த எனக்கு, அதை நினைத்தபடி பிரகாரத்தைச் சுற்றியபோது உடம்பு சிலிர்த்தது.

மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் தங்கள் தீவுதான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, பாயாசம். பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அம்மா யாரோடும் பேசாமல், மெதுவாக, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார்.

திரும்பும் படகில் காற்று எழும்பிவிட்டது. நுரை முகத்தில் அடித்தது. மருமகன் அப்பம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு, ஏதோ கணக்கைச் சரி பார்ப்பவன் போலக் கேட்டான்: "அப்பம்மா, காலையில் ஏறியதும் தண்ணீரில்தான் போனது. இதுவும் தண்ணீரில்தான் போகிறது. அதை மட்டும் ஏன் பாதை என்று சொல்கிறீர்கள்?"

அம்மா அவனுடைய நனைந்த தலையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"இதில் இருந்துகொண்டு போகிறோம், ராசா. அதில் ஐயா நின்றார்."